மீந்த ஜோடிகள்

அண்ணனுக்கு வேலையே அடுத்தவர் சரக்கை நம்பாமல் இருப்பதுதான். சரக்கின் பேரில் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் சோதனை அதிகாரி. கிடங்கில் ஐயாயிரம் பெட்டி இருக்கிறது என்று ஒரு முதலாளி சத்தியம் செய்தால், இவர் போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். நாலாயிரத்து எழுநூறுதான் இருக்கிறது, அதிலும் அறுநூறு எந்தக் காலத்திலும் விற்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். விற்காது என்று அவர் எழுதிவிட்டால் அதோடு அந்தச் சரக்கின் கதை முடிந்தது. அதன்மேல் சல்லிக்காசு கடன் பெயராது. அதனால் கிடங்குகளில் அவருக்கு எமன் என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருமுறை ஒரு செருப்பு வியாபாரி முன்வரிசையில் மட்டும் நல்ல பெட்டிகளை வைத்துவிட்டுப் பின்வரிசைப் பெட்டிகளில் செங்கல்லை நிரப்பி வைத்திருந்தான். நம்மவர் எக்கிப் பின்வரிசையில் ஒன்றை இழுத்துத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஜோடி என்ன விலை போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அலுவலகத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக் கதவைத் தட்டியபோது கை வியர்த்துப்போய் நின்றார்.

முந்தாநாள் தங்கை போனில் கூப்பிட்டிருந்தாள். "அண்ணா, பல் ஆஸ்பத்திரியில என்னை முழுநேரத்துக்கு எடுத்துக்கறேங்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொன்னா காலைல எட்டு மணிக்குப் போனா ஏழு மணிக்குத்தான் வீடு. அப்புறம் கடையைப் பார்க்க முடியாது, மூடிட வேண்டியதுதான். வேண்டாம்னு சொன்னா, இனிமே கடைதான் எனக்குச் சோறு. ஒரு தடவை வந்து பார்த்துட்டு, இது தேறுமா தேறாதான்னு சொல்லிடு."

"நான் எதுக்கும்மா? உனக்குத் தெரியாததா?" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார்.

"ஊர்ல இருக்கிற கடையெல்லாம் எண்ணறியே, தங்கச்சி கடையை எண்ண மாட்டியா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் எங்கேயோ போய்க் குத்தியது.

கடை என்றால் தெருவில் பலகை மாட்டிய கடை இல்லை. வீட்டின் படுக்கையறைதான் கடை. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, நாலு சுவருக்கும் இரும்பு அலமாரித் தட்டுகள் அடித்திருந்தார்கள். ஜன்னலையும் ஒரு தட்டு மறைத்துக்கொண்டிருந்தது. ரப்பர் வாசனையும் பசை வாசனையும் கலந்து அடித்தன. துணி தேய்க்கிற மேஜைதான் பார்சல் கட்டுகிற மேஜை. ஆர்டரெல்லாம் போனில் வரும். சாயங்காலம் கூரியர்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். "இன்னைக்கு எத்தனை ஒத்தைக்கால்?" என்று அவர் கேட்பது வழக்கம். மனிதர் வாய்க்கு ஒரு பூட்டு போட்டால் நல்லது, ஆனால் அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஏனென்றால் அங்கே விற்றது, இரண்டு காலும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்கான ஷூ.

இதை ஆரம்பித்தவர் மாப்பிள்ளை. தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இடது கால் வளராமல் நின்றுவிட்டது. இடது ஏழு, வலது ஒன்பது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றில் இடதையும் இன்னொன்றில் வலதையும் எடுத்துப் போட்டுக்கொள்வார். மீந்த இரண்டும் அலமாரிக்குப் போகும். ஒருநாள் வேடிக்கையாக, "இடது ஒன்பது, வலது ஏழு, யாருக்காவது வேணுமா? சும்மா தர்றேன்" என்று போனில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார். மூன்றாம் நாள் எங்கோ தூரத்திலிருந்து ஒரு பஸ் டிரைவர் கூப்பிட்டார். அச்சு அசலாக எதிர்க்கால். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறந்த அன்றைக்கே பிரிந்த அண்ணன் தம்பிபோல, மாடிப்படி ஏறினால் எங்கே வலிக்கும், ஷூவுக்குள் எவ்வளவு பஞ்சு வைக்கலாம் என்றெல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

அந்த முதல் பொருத்தம்தான் குடியைக் கெடுத்தது. "பார்த்தியா, மூணே நாள்! உலகத்துல ஒவ்வொரு காலுக்கும் எதிர்க்கால் ஒருத்தர் இருக்கார். நாம தரகு வேலை பார்த்தாப் போதும்" என்றார் மாப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால், புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலித்தது. அவர் பழுது பார்த்த லிஃப்டிலேயேதான் அவரைக் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அண்ணனின் கை வியர்த்ததற்குக் காரணம் இதுவல்ல. அது வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில், இதே கூடத்தில் மாப்பிள்ளை அவரைக் கேட்டிருந்தார். "மச்சான், உங்களுக்குத் தொழிலே இதுதானே. உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன். இன்னும் பணம் போடலாமா?"

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கட்டிக் கொடுத்த இடத்தில் போய்க் கணக்குக் கேட்பதா? தங்கச்சி புருஷனின் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அவரைச் சந்தேகப்படுவதும் ஒன்றுதானே? டீ வேறு கையில் சூடாக இருந்தது. "அதெல்லாம் நல்லா வரும் மாப்பிள்ளை, தைரியமாப் போடுங்க. நீங்க எடுத்த காரியம் எது வீணாப் போயிருக்கு?" என்றார். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. இவருக்கும் சந்தோஷம்.

மாப்பிள்ளை இறந்து பத்தாம் நாள், ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி அண்ணனும் தங்கையுமாக அலமாரியைக் குடைந்தார்கள். பத்திரம் கிடைக்கவில்லை. பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டு பணத்தை வாங்கிவிட்ட கடிதம்தான் கிடைத்தது. அண்ணன் தேதியைப் பார்த்தார். 'நல்லா வரும்' என்று அவர் சொல்லி இரண்டு வாரம் கழித்து. அந்தப் பணமெல்லாம் ஷூவாகத் தட்டில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தங்கையிடம் அவர் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான். எமனுக்கும் பயம் உண்டு.

"டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கறியா?" என்று தங்கை கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் அவசரமாக. "முதல்ல எண்ணிடறேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். எப்போதும் பத்துப் பெட்டிக்கு ஒன்று திறப்பார். அன்றைக்கு எல்லாப் பெட்டியையும் திறந்தார். ஒவ்வொன்றின் மூடியிலும் தடித்த மை பேனாவால் மாப்பிள்ளை எழுதியிருந்தார். 'இடது 9, வலது 6. வருவார்.' 'இடது 5, வலது 4. வருவாங்க.' வராத மனிதர்களுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். அவர் போன பிறகு சேர்ந்த பெட்டிகளில் தங்கையின் கையெழுத்து இருந்தது. அவளும் அதையே எழுதியிருந்தாள்.

வெள்ளை, பழுப்பு, நீலம், கறுப்பு. கயிறு கட்டுவது, ஒட்டுவது, நடப்பதற்கு, ஓடுவதற்கு, ஆபீசுக்கு. மொத்தம் இருபத்தாறு மாதிரி. எண்ணி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று பெட்டி.

பிறகு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தேய்ப்பு மேஜை முன்னால் உட்கார்ந்தார். நோட்டு சுத்தமாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருஷத்தில் இருநூற்று முப்பத்தொரு பேருக்கு விற்றிருந்தார்கள். ஒரு ஜோடியின் அடக்கம் அறுநூறு. விற்கிற விலை ஆயிரம். கூரியர், பெட்டி, விளம்பரம் எல்லாம் சேர்த்து இருநூறு. மீதி இருநூறு லாபம் என்று நோட்டு சொன்னது. ஆகமொத்தம் நாற்பத்தாறாயிரத்து இருநூறு லாபம்.

ஆனால் ஒருவருக்கு விற்க இரண்டு ஜோடியைப் பிரிக்க வேண்டும். ஒரு ஜோடி போகும், எதிர் ஜோடி மீந்து நிற்கும். மீந்ததை நோட்டில் அறுநூறு மதிப்புள்ள இருப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு பத்தியில்தான் எல்லாமே இருந்தது. அந்த எதிர்க்கால்காரர் வந்தால் அது அறுநூறு. வராவிட்டால் அது செங்கல்.

வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். அதே அளவு வேண்டும், அதுவும் தலைகீழாக வேண்டும், அதே மாதிரி வேண்டும், அதே நிறம் வேண்டும், அதுவும் ஷூ பழசாகிப் பசை விடுவதற்குள் வர வேண்டும். மூன்று வருஷத்தில் வந்தவர்கள் பத்தொன்பது பேர். மீந்ததையெல்லாம் கழித்துப் பார்த்தால் நாற்பத்தாறாயிரம் லாபம் காணாமல் போய், அறுபத்தொன்பதாயிரத்து அறுநூறு நஷ்டம் வந்து நின்றது. இன்னும் நன்றாக விற்றால் இன்னும் வேகமாக முழுகும். இப்படி ஒரு வியாபாரத்தை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

அவருக்கு மனசு கேட்கவில்லை. இதுவே வேறு யாருடைய கிடங்காக இருந்திருந்தால் இரண்டு வரி எழுதிவிட்டுப் பஸ் பிடித்திருப்பார். இங்கே காகிதத்தைத் திருப்பிப் போட்டு, எப்படியாவது பிழைக்க வைக்க முடியுமா என்று பார்த்தார்.

"விலையை ஏத்தினா என்ன?" என்றார். "ஆயிரத்து ஐநூறு?"

தங்கை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "கடையில ஒரு ஜோடி எண்ணூறுண்ணா. ஆயிரத்து ஐநூறு கேட்டா, இன்னும் நூறு போட்டு ரெண்டு ஜோடி நானே வாங்கிப்பேனேங்கறாங்க."

"தயாரிக்கிறவன்கிட்டயே ஒத்தை ஒத்தையா வாங்கினா?"

"அவர் ஏழு கம்பெனிக்கு ஏறி இறங்கினார். ஒத்தைக் காலைப் பிரிச்சுத் தர மாட்டோம்னுட்டாங்க. ஒருத்தன் சிரிச்சானாம்."

"ஆர்டரை வாங்கி வெச்சுக்கிட்டு, எதிர் ஆள் வந்தப்புறம் அனுப்பினா?"

"ஆரம்பத்துலயே செஞ்சு பார்த்தோம். ஒரு டீச்சரம்மா கேட்டாங்க, 'நாப்பது வருஷமா பஞ்சு வெச்சு நடக்கறேன், இன்னும் எவ்வளவு நாள்?'னு. அவர் அன்னைக்கே ரெண்டு ஜோடியைப் பிரிச்சு அனுப்பிட்டார்."

அண்ணன் பேனாவை உருட்டினார். "ஒரே ஒரு மாதிரி. கறுப்பு மட்டும். அப்பப் பொருத்தம் சீக்கிரம் அமையுமே?"

"அது கொஞ்சம் நடக்கும்" என்று தங்கை ஒப்புக்கொண்டாள். "நானும் சொன்னேன். 'பிறந்ததுலேர்ந்து கெடைச்சதைப் போட்டவங்க, இங்க வந்தாவது ஆசைப்பட்டதைப் போடட்டும்'னார். அதுக்கு மேல என்ன சொல்றது? இப்போ ஆரம்பிக்கலாம்னா, அதுக்குப் புதுசா சரக்கு எடுக்கணும். பணம் எங்க இருக்கு?"

பணம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். சுற்றிலும் நாலு சுவரிலும் இருந்தது.

மேஜைமேல் இருந்த போனை அவள் எடுத்து, வாடிக்கையாளர்கள் எழுதியதைக் காட்டினாள். கல்யாணப் போட்டோவில் முதல்முறையாகக் காலை மறைக்காமல் நின்றேன் என்று ஒருவர். என் மகள் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓடினாள் என்று ஒரு தகப்பன். அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு நல்ல சரக்கு, வாங்கினவனெல்லாம் வாயார வாழ்த்துகிறான், ஆனால் தேறாது. இந்த அநியாயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அவர் அன்றைக்கு டீ குடித்துவிட்டுப் போன மாதத்தின் பக்கம் வந்தது. அந்த மாதக் கடைசியில் மீந்தவை நாற்பத்தொன்று. அதற்கு அடுத்த மாதம் பாலிசிப் பணம் வரவு. அதற்கடுத்த பக்கத்திலிருந்து இருபது புது மாதிரிகள். அந்தப் பக்கத்திலேயே அவர் கண் நின்றுவிட்டது.

"சொல்லுண்ணா" என்றாள் தங்கை.

"தேறாதும்மா" என்றார். "வேலைக்குச் சரின்னு சொல்லிடு."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. தேய்ப்பு மேஜைமேல் கிடந்த ஒட்டு டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து மடித்து வைத்தாள்.

"சரி. நாளைக்குச் சொல்லிடறேன்."

இத்தோடு அவர் எழுந்து போயிருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஒன்பது மாதம் நெஞ்சில் சுமந்தது அந்த அறையில் இன்னும் கனத்தது. "நான் ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை இதையே என்கிட்ட கேட்டார். நான் உள்ளே வந்துகூடப் பார்க்கல. நல்லா வரும்னு சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அவர் பாலிசியை..."

"தெரியும்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் உன்கிட்ட கேக்கச் சொன்னேன்" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "முதல் வருஷம் முடிஞ்சப்பவே நான் கணக்குப் போட்டுட்டேன். இப்போ நீ போட்ட அதே கணக்கு. மீந்ததைக் கழிச்சா நஷ்டம். அவர்கிட்ட மெதுவாச் சொல்லிப் பார்த்தேன். 'உனக்கு எதிர்க்கால் மேல நம்பிக்கை இல்லை, என் கால் மேலயும் நம்பிக்கை இல்லை'ன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"புருஷனை விட்டுக்கொடுத்து உன்கிட்ட வந்து சொல்லவா? அதான் அவர்கிட்டயே ஒரு பேச்சுப் பேசினேன். எங்க அண்ணனைக் கேளுங்க, அவன் சரின்னா பாலிசியை எடுத்துப் போடுங்க, வேண்டாம்னா இதோட விட்டுடணும்னேன். உடனே ஒத்துக்கிட்டார். அவருக்கு உன்மேல அவ்வளவு நம்பிக்கை. நீ வந்த அன்னைக்கு நான் சமையல்கட்டுல நின்னு காதைத் தீட்டி வெச்சுக்கிட்டிருந்தேன். எங்க அண்ணன் யாருக்கும் தாட்சண்யம் பார்க்க மாட்டான், எழுந்து வந்து நாலு பெட்டியைத் திறந்தாப் போதும், பட்டுனு சொல்லிடுவான்னு."

அண்ணனுக்கு அந்த டீயின் சூடு இப்போது கையில் வந்து நின்றது.

"நீ நல்லா வரும்னு சொன்னே" என்றாள். "ஒருவேளை நான்தான் தப்பாப் போட்டுட்டேனோன்னு நோட்டை எடுத்து இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்."

"மரியாதைக்குச் சொன்னேன்மா" என்றார் அண்ணன். சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"அவர் உன்கிட்ட மரியாதையையா கேட்டார்?"

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துப் பார்த்து, கிளம்பாமல், மறுபடி உதைத்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. யார் யாருடைய கிடங்கிலோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறார். தூசியில் இருமிக்கொண்டு, ஏணியில் ஏறி, மழை ஒழுகும் கூரைக்குக் கீழே நின்றெல்லாம் எண்ணியிருக்கிறார். தெரியாதவர்கள் ஏமாறக் கூடாது என்று செய்ததை, வேண்டியவர்களுக்குச் செய்யவில்லை.

"எனக்கும் ஆசைதாண்ணா" என்றாள் தங்கை, கொஞ்ச நேரம் கழித்து. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் போட்ட கணக்கு தப்பா இருக்கணும்னு. அவர் சொன்னது சரியா இருக்கணும்னு. அதுக்குத்தான் உன்னை இப்போ கூப்பிட்டேன். நானே மூடினா, கடைசியில நானும் அவரை நம்பலைன்னு ஆயிடுமேன்னு."

அவர் எழுந்து அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை, சாயவும் இல்லை. இரண்டு பேரும் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றார்கள்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் விரிந்திருந்த நோட்டை, அந்த நாற்பத்தொன்று எழுதிய பக்கத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ எண்ணியிருந்தா" என்று கேட்டாள், "எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒருநாள் முழுக்க ஆகும், அன்றைக்கு எனக்கு நேரமில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவளும் நம்பியதுபோல் இருந்திருப்பாள். ஆனால் இந்த வீட்டில் ஒப்புக்குச் சொன்ன ஒரு பேச்சே போதும் என்று ஆகிவிட்டது.

"அரை மணி நேரம்" என்றார்.